யார் இந்த சீமோர் க்ரே? சூப்பர் கம்ப்யூட்டர் பல்கலைக்கழகங்களுக்கு வந்த கதை

1980களின் தொடக்கம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வானியற்பியலாளர் லாரி ஸ்மார், தன் ஆராய்ச்சிக்கான கணக்குகளைப் போட ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. மியூனிக் பகுதியில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஒரு 'க்ரே-1' இருந்தது. அந்த மெஷின் எங்கே தயாரானது தெரியுமா? அமெரிக்காவில்தான்! உள்ளூரில் அது பெரும்பாலும் அணு ஆயுத ஆய்வகங்களிடமும் அரசு அமைப்புகளிடமும் இருந்தது. பேராசிரியர்களுக்கு எட்டாக்கனி.

அந்த மெஷினை உருவாக்கியவர்தான் சீமோர் க்ரே. சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

1925 செப்டம்பர் 28-ல் விஸ்கான்சின் மாகாணத்தின் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் ரேடியோ பிரிவில் பணி. பிறகு மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும், கணிதத்தில் முதுகலையும் படித்தார். கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில் சேர்ந்தவர், நகரத்தில் ஓயாத கூட்டங்களும் தொல்லைகளும் பிடிக்காமல், ஆய்வகத்தையே சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்.

அங்கே உருவானதுதான் 1964-ல் வெளிவந்த சி.டி.சி 6600. அன்றைய உலகின் அதிவேக கம்ப்யூட்டர். துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து 34 பேர் கொண்ட ஒரு குழு நம்மை எப்படி முந்தியது என்று ஐ.பி.எம் தலைவர் தன் அதிகாரிகளிடம் கோபமாகக் கடிதம் எழுதிக் கேட்டது பிரபலமான கதை.

அப்படி என்ன செய்தார் க்ரே?

1972-ல் சொந்தமாக 'க்ரே ரிசர்ச்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1976-ல் க்ரே-1 வந்தது. இதை ஒரு கல்யாணப் பந்தியை வைத்துப் புரிஞ்சுக்கலாம். ஒரே ஆள் ஒரு இலைக்கு சாதம், சாம்பார், பொரியல் எல்லாம் போட்டு முடித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தால், கடைசி இலைக்காரர் பசியிலேயே எழுந்து போய்விடுவார். சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசை முழுக்க ஊற்றிக்கொண்டே போக, பின்னாலேயே பொரியலோடு இன்னொருவர் வந்தால்? வேலை மளமளவென முடியும். க்ரே-1 இப்படித்தான். ஒரே கட்டளையில் 64 எண்கள் வரை வரிசையாகக் கணக்கிடும். இதற்கு 'வெக்டர்' முறை என்று பெயர்.

மெஷின் மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி இருக்கும். அழகுக்காக மட்டும் இல்லை. ஒயர் நீளமானால் சிக்னல் வந்து சேர நேரமாகும். அதனால்தான் வளைத்துக் கட்டினார்.

ஆனால் வேகம் மட்டும் போதுமா? முதல் க்ரே-1, லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு ஆறு மாத சோதனைக்குப் போனது. அந்த ஆறு மாதத்தில் 152 முறை நினைவகப் பிழை. தப்பு நடந்ததை மெஷின் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்தத் தெரியாது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களின் விளைவான நியூட்ரான்களே காரணம் என்று பல ஆண்டுகள் கழித்து ஒரு ஆய்வு சொன்னது. லாஸ் அலமோஸ் மலை மேல் இருப்பதால் அங்கே அவற்றின் தாக்கம் அதிகம்.

அடுத்து 1977-ல் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம், சுமார் 88 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய மெஷின், பிழை திருத்தும் வசதியோடு வந்தது. என் பார்வையில் இது முக்கியமான திருப்பம். காரணம், இந்த மையத்தை நிர்வகிப்பதே பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. வானிலை, கடல், சூரியன் என ஆராயும் பேராசிரியர்களும் மாணவர்களும் நேரம் ஒதுக்கிக்கேட்டு இதைப் பயன்படுத்த முடிந்தது.

மற்ற துறைகளுக்கு? ஜெர்மனி போய்வந்த ஸ்மார் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கே சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும் என்று 1983-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் திட்டம் கொடுத்தார். 1985-ல் இல்லினாய்ஸ், சான் டியாகோ உள்ளிட்ட இடங்களில் மையங்கள் அறிவிக்கப்பட்டன. இந்த இரண்டிலும் வைக்கப்பட்டது க்ரே எக்ஸ்-எம்பி. (இதை வடிவமைத்தது க்ரே அல்ல, அவர் நிறுவனத்தின் ஸ்டீவ் சென் தலைமையிலான குழு.) மெஷினைக் கொடுத்தால் மட்டும் போதாது, பழைய புரோகிராமை வெக்டர் முறைக்கு மாற்றி எழுத, டேட்டாவைச் சேமிக்க, விடையைப் படமாக்கிப் பார்க்க உதவும் ஆட்களும் வேண்டும். அதையும் இந்த மையங்கள் செய்தன. இவற்றை இணைக்கப் போடப்பட்ட நெட்வொர்க்தான் பின்னாளில் இன்டர்நெட்டின் முதுகெலும்பானது.

இந்தியாவும் க்ரே கேட்டது. அமெரிக்கா இழுத்தடித்து, கேட்டதைவிடச் சக்தி குறைந்த எக்ஸ்-எம்பி/14 மாடலை, வானிலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு டெல்லிக்குக் கொடுத்தது. 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991-ல் 'பரம் 8000' தயார். இன்று திருச்சி என்.ஐ.டி-யில் ஆராய்ச்சியாளர்களுக்காக இயங்கும் 'பரம் பொருள்' 838 டெராஃப்ளாப்ஸ் வேகம் கொண்டது. கணக்குப் போட்டால் க்ரே-1-ஐ விட சுமார் 52 லட்சம் மடங்கு!

க்ரே என்ன ஆனார்?

பேட்டிகளை விரும்பாதவர். வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது அவரது பொழுதுபோக்கு, கேட்டால் சிரிப்பு வரும். 1989-ல் தன் பெயரில் இருந்த நிறுவனத்தை விட்டே பிரிந்து, கொலராடோ ஸ்பிரிங்ஸில் புதிதாகத் தொடங்கினார். சிலிக்கானுக்குப் பதில் காலியம் ஆர்சனைடு சிப் கொண்ட க்ரே-3-ஐ உருவாக்கினார். பனிப்போர் முடிந்து ஆய்வகங்களின் பணம் வற்றிய நேரம் அது. ஒரே ஒரு மெஷின், அதே வளிமண்டல மையத்துக்கு 1993-ல் போனது. 1995-ல் நிறுவனம் திவால்.

ஆயிரக்கணக்கான சாதாரண பிராசசர்களை ஒன்றாகப் பூட்டும் முறையை நெடுங்காலம் ஏற்காதவர் க்ரே. 1996-ல் அதே வழியில் இறங்க இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். சில வாரங்கள்தான். செப்டம்பர் 22-ல் கார் விபத்தில் படுகாயமடைந்தவர், அக்டோபர் 5-ல் உயிரிழந்தார். வயது 71.