அபுவைத் தேடிய சத்யஜித்ரே

1952-ம் ஆண்டு கல்கத்தா பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் வெளிவந்தது. சினிமாவில் நடிக்க 5 வயது முதல் 7 வயது வரை உள்ள சிறுவன் தேவை என்று அதில் கண்டிருந்தது.

விளம்பரம் கொடுத்தவர் அதுவரை ஒரு படம்கூட எடுத்தது இல்லை. விளம்பர கம்பெனி ஒன்றில் ஓவியராக வேலை பார்த்து வந்தார். வயது 31. ஆறு அடிக்கு மேல் உயரம். கணீரென்ற குரல்.

விளம்பரத்தைப் பார்த்துப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொரு சிறுவனுடனும் பேசிப் பார்த்தார். ஒரு முகமும் மனதுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் வந்த சிறுவனின் பிடரியில் பவுடர் ஒட்டி இருந்தது. சந்தேகப்பட்டு விசாரித்தார். வந்தது பையன் அல்ல, பெண் குழந்தை! சலூனில் முடியை வெட்டி, பையனைப்போல் மாற்றி, நேராக அங்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

விளம்பரம் கொடுத்த அந்த ஓவியர்தான், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் சத்யஜித்ரே. அவர் தேடியது, 'பதேர் பாஞ்சாலி' நாவலில் வரும் அபு என்ற சிறுவனை.

தந்தையை இழந்த பிள்ளை

சத்யஜித்ரே 1921-ம் ஆண்டு மே 2-ந்தேதி கல்கத்தாவில் பிறந்தார். கலையும் எழுத்தும் அந்தக் குடும்பத்தின் சொத்து. தாத்தா உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்; அச்சுத் தொழிலில் வல்லவர்; 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ரே வேடிக்கைப் பாடல்கள் எழுதி, வங்காளக் குழந்தைகளை எல்லாம் சிரிக்க வைத்தவர்.

சத்யஜித்துக்கு 2 வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். பிறகு அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா பிள்ளையுடன் தம் சகோதரர் வீட்டுக்குப் போனார். கைத்தொழில் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்து மகனை வளர்த்தார்.

சத்யஜித் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு, தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றார். 1943-ல் வெள்ளைக்காரர்கள் நடத்திய விளம்பர கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலையோடு, ஒரு புத்தகப் பதிப்பகத்துக்கு அட்டைப் படங்களும் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி'யைச் சுருக்கி, சிறுவர்களுக்கான பதிப்பாகக் கொண்டு வந்தார்கள். அதற்குப் படம் வரையும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

ஏழைப் புரோகிதர் ஒருவரின் குடும்பம். மகள் துர்கா, மகன் அபு, பல் போன ஒரு கிழவி. கிராமத்து வீட்டில் அவர்கள் படும் பாடுதான் கதை. படம் வரைந்து கொண்டிருந்தபோதே அவர்களின் முகங்கள் ரேயின் மனதில் பதிந்துவிட்டன.

லண்டனில் பார்த்த படம்

1950-ம் ஆண்டு கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. சில மாதங்கள் அங்கே தங்கி இருந்தபோது, நூறு படங்கள் வரை பார்த்தார். அவற்றில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம் அவரை உலுக்கிவிட்டது.

அந்தப் படத்தின் கதாநாயகனாக நடித்தவர், உண்மையிலேயே தொழிற்சாலையில் வேலை பார்த்த தொழிலாளி. முன்பின் நடித்தது இல்லை. பாத்திரத்துக்கு ஏற்ற முகம் கிடைத்துவிட்டால், நட்சத்திரம் வேண்டியதில்லை என்ற துணிவு ரேக்கு அப்போது பிறந்தது. கப்பலில் ஊர் திரும்பும்போதே 'பதேர் பாஞ்சாலி'யைப் படமாக்கக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார்.

கல்கத்தா வந்ததும் பட அதிபர்களின் படிகளில் ஏறி இறங்கினார். காட்சிகளைப் படமாக வரைந்து காட்டினார். பாட்டு உண்டா, பெயர் பெற்ற நடிகர்கள் உண்டா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் கையை விரித்தார்கள்.

ரே தம் இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துப் பணம் திரட்டினார். ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவி விஜயாவின் நகைகளும் அடகுக்குப் போயின.

பக்கத்து வீட்டுப் பையன்

பணம் ஒரு கவலை. அபு கிடைக்காதது அதைவிடப் பெரிய கவலை. கதை முழுவதும் அந்தச் சிறுவனின் கண் வழியாகவே நடக்கிறது. அவன் முகம் பொய்யாகத் தெரிந்தால் படமே பொய்யாகிவிடும்.

ஊரெல்லாம் தேடிய பையன் கடைசியில் பக்கத்து வீட்டிலேயே இருந்தான்! விளையாடிக் கொண்டிருந்த அவனை முதலில் கண்டுபிடித்தவர் விஜயா. பெயர் சுபீர் பானர்ஜி. பெரிய கண்கள், எதையும் வியந்து பார்க்கும் பார்வை. பார்த்ததும் இவனே அபு என்று ரே முடிவு செய்துவிட்டார்.

துர்காவாக நடிக்க, பள்ளி நாடகங்களில் நடித்து வந்த உமா தாஸ்குப்தா கிடைத்தார். தாய் வேடத்துக்கு ரே தேர்ந்தெடுத்தது, நண்பரின் மனைவி கருணா பானர்ஜியை. சினிமாவா என்று அவர் முதலில் தயங்கினார். தந்தையாக நடித்த கானு பானர்ஜி மட்டும் ஏற்கனவே சினிமாவில் நடித்துக் கொண்டிருந்தவர்.

கிழவி வேடத்துக்குத்தான் ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. இளம் நடிகைக்கு நரைமுடி வைத்து ஒப்பேற்ற ரே விரும்பவில்லை. 80 வயதை நெருங்கிய, பழைய நாடக நடிகை சுனிபாலா தேவியைத் தேடிப் பிடித்தார்கள். அன்றாடம் படப்பிடிப்புக்குப் போய்வர உடம்பில் தெம்பு உண்டா, நீளமான வசனத்தை நினைவில் வைக்க முடியுமா என்று ரே சோதித்தார். ஒரு பழைய தாலாட்டைச் சொல்லச் சொன்னார். ரேக்குத் தெரிந்ததைவிட அதிக அடிகளை அந்த மூதாட்டி ஒப்பித்தார்!

மூன்று அதிசயங்கள்

1952-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி படப்பிடிப்பு தொடங்கியது. நாணல் பூத்த வெளியில் அபு அக்காளைத் தேடி நடந்து வரவேண்டும். சுபீர் பொம்மைபோல் விறைப்பாக நடந்தான்.

ரே அவனைத் திட்டவில்லை. நடக்கும் வழியில் சிறு குச்சிகளைப் போட்டு, தாண்டி வரச் சொன்னார். உதவியாளர்களை நாணலுக்குள் அங்கங்கே மறைந்திருந்து கூப்பிடச் சொன்னார். பையன் நின்றான், திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். அபு உயிர் பெற்றுவிட்டான்.

ஆனால், பணம் தீர்ந்து போய்ப் படப்பிடிப்பு மாதக் கணக்கில் நின்றது. இங்கேதான் ரே பட்ட வேதனை பெரிது. நட்சத்திரத்தை வைத்து எடுக்கும் படம் ஓராண்டு நின்றாலும் நட்சத்திரம் மாறிவிடுவதில்லை. குழந்தைகள் அப்படியா? சுபீருக்குக் குரல் உடைந்துவிட்டால்? உமா பெரிய பெண்ணாகிவிட்டால்? கிழவி இறந்துவிட்டால்? தேடித் தேடிச் சேர்த்த முகங்கள் வீணாகிவிடும்.

மேற்கு வங்காள முதல்-மந்திரி பி.சி.ராயின் ஆதரவால் அரசாங்கப் பணம் கிடைத்துப் படம் முடிந்தது. குரல் உடையவில்லை, பெண் வளர்ந்துவிடவில்லை, கிழவி இறக்கவில்லை. இந்த மூன்றையும் அதிசயங்கள் என்றே ரே பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

1955-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி கல்கத்தாவில் படம் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சில் நடந்த கேன்ஸ் படவிழாவில் பரிசு பெற்றது. சுனிபாலா தேவி படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

காத்திருந்த வாலிபர்

அடுத்து, அபுவின் பள்ளி, கல்லூரி நாட்களைக் காட்டும் 'அபராஜிதோ' படத்துக்கு நடிகர் தேடினார், ரே. சவுமித்ர சட்டர்ஜி என்ற 20 வயது வாலிபரை அழைத்து வந்தார்கள். அழகான முகம், ஆனால் உயரமும் வயதும் அதிகம் என்று ரே திருப்பி அனுப்பிவிட்டார். வேறொரு பையன் நடித்தான். அந்தப் படம் 1957-ல் வெனிஸ் விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வென்றது.

ஆனால் சவுமித்ரவை அவர் மறக்கவில்லை. பிறகு ஒரு நாள், 'ஜல்சாகர்' படப்பிடிப்பைப் பார்க்க சவுமித்ர வந்திருந்தார். அங்கே இருந்த மூத்த நடிகர் சபி பிஸ்வாசிடம் அவரை ரே அழைத்துச் சென்று, அடுத்த படத்தில் இவர்தான் அபு என்று அறிமுகப்படுத்தினார். தமக்கு அந்த வேடம் கிடைத்த செய்தி சவுமித்ரக்கே அப்போதுதான் தெரியும்!

'அபுர் சன்சார்' 1959-ல் வெளிவந்தது. அபுவின் மனைவி வேடத்துக்கும் விளம்பரம் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தும் ஒருவரும் பொருந்தவில்லை. பிறகு, சர்மிளா தாகூர் என்ற பள்ளி மாணவியை வீட்டுக்கு அழைத்தார்கள். விஜயா அவருக்குப் புடவை கட்டி, கொண்டை போட்டு, முந்தானையைத் தலையில் போர்த்திவிட்டார். கவுன் போட்ட சிறுமி கிராமத்து மணப்பெண்ணாக மாறி நின்றார்.

நட்சத்திரமும் உண்டு

புதுமுகம்தான் வேண்டும் என்று ரே பிடிவாதம் பிடித்ததும் இல்லை. கதை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தார். நொடித்துப்போன ஜமீன்தாரின் கதையான 'ஜல்சாகர்' படத்துக்குத் தேர்ந்த நடிகர் சபி பிஸ்வாஸ்தான் வேண்டும் என்றார். கதையில் ஜமீன்தார் சங்கீதப் பித்தர். நடிகருக்கோ சங்கீத ஞானம் கிடையாது. ஆனாலும் அந்த மிடுக்கு வேறு எவரிடமும் இல்லை. 1962-ல் கார் விபத்தில் அவர் இறந்தபின், அப்படிப்பட்ட கனமான வேடங்களை எழுதுவதையே ரே விட்டுவிட்டார்.

சிறு வேடங்களில் வந்து போய்க் கொண்டிருந்த சிரிப்பு நடிகர் துளசி சக்ரவர்த்தியை, 'பரஷ் பதர்' படத்தின் கதாநாயகன் ஆக்கினார். 'ஷோலே' படத்தில் கொள்ளைக்காரன் கப்பார் சிங்காக நாட்டையே மிரட்டிய அம்ஜத்கானை, பிரேம்சந்தின் கதையான 'சத்ரஞ்ச் கே கிலாரி'யில் கவிதை பாடும் லட்சுமணபுரி நவாப் ஆக்கினார். 1977-ல் அந்தப் படம் வந்தபோது பலரும் வியந்தார்கள்.

பாத்திரத்துக்குப் பொருந்தாவிட்டால், நெருங்கியவரானாலும் அவர் இடம் கொடுத்தது இல்லை. தாத்தா எழுதிய 'கூபி கைன் பாகா பைன்' கதையைப் படமாக்கியபோது, பாட்டுப் பைத்தியமான கூபி வேடத்தில் நடிக்க சவுமித்ர ஆசைப்பட்டார். படித்த பட்டணத்து முகம் கிராமத்தானுக்குப் பொருந்தாது என்று ரே மறுத்துவிட்டார். அதிகம் அறியப்படாத தபேன் சட்டர்ஜி கூபி ஆனார். 1969-ல் வெளிவந்த படம், கல்கத்தாவில் மாதக்கணக்கில் ஓடியது. சவுமித்ர வருந்தியிருக்கலாம், விலகிப் போகவில்லை. ரேயின் 14 படங்களில் நடித்தார்.

கதையை மாற்றிய நடிகர்

ரே சிறந்த எழுத்தாளரும்கூட. அவர் எழுதிய துப்பறியும் கதைகளில் பெலுடா என்ற துப்பறிவாளரும், அவருடைய நண்பரான லால்மோகன் கங்குலி என்ற எழுத்தாளரும் வருவார்கள். 'சோனார் கெல்லா' படத்தில் எழுத்தாளர் வேடத்தை, வக்கீல் தொழில் செய்து வந்த சந்தோஷ் தத்தாவுக்குக் கொடுத்தார்.

அவர் நடிப்பைப் பார்த்தபின், கதைப் புத்தகங்களுக்குத் தாம் வரையும் படங்களில் அந்த எழுத்தாளரின் முகத்தை சந்தோஷ் தத்தாவின் சாயலுக்கு ரே மாற்றிக் கொண்டார். 1988-ல் தத்தா இறந்தார். அதன்பின் ரே பெலுடா படமே எடுக்கவில்லை. இன்னொருவரை வைத்து எடுக்க எத்தனையோ பேர் ஆசைப்பட்டிருப்பார்கள். அவருக்கு மனம் வரவில்லை.

நடிகரே தேவைப்படாத படமும் அவர் எடுத்தது உண்டு. நம் நாட்டிய மேதை பாலசரசுவதியைப் பற்றி 1976-ல் அவர் தயாரித்த 'பாலா' என்ற செய்திப்படம் அது. பாலாவுக்குப் பதில் பாலாவாக யார் ஆட முடியும்?

கடைசி நாட்கள்

1983-ல் தாகூரின் 'கரே பாய்ரே' நாவலைப் படமாக்கிக் கொண்டிருந்தபோது ரேயை மாரடைப்பு தாக்கியது. 1948-லேயே அவர் திரைக்கதை எழுதிய நாவல் அது. பட அதிபர் சொன்ன மாற்றங்களை ஏற்க மறுத்ததால் அப்போது நின்று போயிற்று. மகன் சந்தீப்பின் உதவியுடன் படம் முடிந்து, 1984-ல் வெளிவந்தது. அதிலும் முக்கிய வேடம் சவுமித்ரக்கு!

1992-ல் ரேக்கு ஆஸ்கார் விருதும், பாரத ரத்னா விருதும் அளிக்கப்பட்டன. ஆஸ்கார் விருதை அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே பெற்றுக் கொண்டார். ஏப்ரல் 23-ந்தேதி காலமானார். வயது 70.

அவர் தேடிக் கண்டுபிடித்த சர்மிளா, இந்திப் பட உலகின் பெரிய நட்சத்திரம் ஆனார். சவுமித்ர 2020-ல் மறையும்வரை நடித்துக் கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் சுபீரோ, அந்த ஒரு படத்தோடு சினிமாவை விட்டு விலகி, எல்லோரையும்போல் வேலைக்குப் போய் வாழ்ந்தார்.

ஆனாலும் இன்று 'பதேர் பாஞ்சாலி' நாவலைக் கையில் எடுப்பவர்களுக்கு, அபு என்ற பெயரைப் படித்ததும் அந்தப் பெரிய கண்களே நினைவுக்கு வருகின்றன.