வல்லரசுகளின் கூட்டும் நேதாஜியும்

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்று அரசுகளும் பெர்லின் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐரோப்பாவில் முன்னிரண்டும், கிழக்காசியாவில் ஜப்பானும் தலைமை வகிப்பதென்பதே அதன் சாரம். பிறர் மண்ணைப் பங்கிட எழுந்த இக்கூட்டினிடம், தம் மண்ணை மீட்கும்பொருட்டு ஒருவர் துணை வேண்டிச் சென்றார். அவரே ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் ஆவர்.

1897-இல் கட்டாக்கில் அவர் பிறந்ததும், ஐ.சி.எஸ். பதவியைத் துறந்ததும், இருமுறை காங்கிரஸ் தலைவரானதும் நம் சங்கத்தார் அறிந்தனவே. 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலினின்றும் மாறுவேடத்தில் தப்பிக் காபூலை அடைந்தார். ஆண்டு இத்தாலியத் தூதர் உதவ, ஒர்லாண்டோ மஸ்ஸோட்டா என்னும் பெயர் பூண்டு, ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார். ஓராண்டிற்குமேற் காத்திருந்தே ஹிட்லரைக் காண இயன்றது. இந்திய விடுதலையை ஆதரித்து வெளிப்படையாக அறிக்கை விடுமாறு வேண்டியும் அவன் இசைந்திலன்.

பின்னர், 1943 பிப்ரவரியில் கீல் துறையினின்றும் நீர்மூழ்கிக் கப்பலேறினார். உடன் சென்றவர் ஆபித் ஹசன் ஒருவரே. மடகாஸ்கரை அடுத்த கொந்தளிக்கும் கடலில், சிறு மிதவையொன்றின் வாயிலாக ஜப்பானியர் கப்பலுக்கு மாறினர். இத்துணைத் துணிவை யாம் கதைகளிலும் கேட்டிலேம்.

அந்த ஜப்பானியர், முந்திய ஆண்டு ஏப்ரலில், நம் புதுவாயலூடு செல்லும் கல்கத்தாச் சாலை சென்றடையும் விசாகப்பட்டினத்திற் குண்டு வீசியவர். அஞ்சிய சென்னை மக்கள் ஊர்விட்டு ஓடினர். மலாயாத் தோட்டத் தமிழர் நிலை இதனினும் துயரமானது. அவருட் பலர் தம் நகைகளையும் மக்களையும் நேதாஜியின் படைக்கு ஈந்தனர். பல்லாயிரவர், அதே ஜப்பானியர் சயாமினின்றும் பர்மாவிற்கு இட்ட இருப்புப்பாதை வேலையில் நோயாலும் பசியாலும் மாண்டனர். ஒரே தோட்டத்தினின்றும் இரு வழியே ஆட்கள் சென்றனர்.

அந்தமான் தீவுகளை அவரது அரசிற்கு அளித்ததாக ஜப்பானியர் அறிவித்தனர். 1943 டிசம்பர் இறுதியில் அங்குச் சென்று கொடியேற்றினார். ஆயினும் ஆட்சி ஜப்பானியக் கடற்படையின் கையினின்றும் அகலவில்லை. அவர் மீண்ட ஒரு திங்களில், ஒற்றரென்று பழி சுமத்தி, ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். யாம் நேதாஜியின் நாட்டுப்பற்றை ஐயுறுவேமல்லேம். அவர் கைப்பற்றிய துணை இத்தன்மைத்து என்பதை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அடாது.

1944-இல் இம்பால் முற்றுகை தோற்றது. மறு ஆண்டு ஏப்ரலில் ரங்கூனை விட்டகன்றபோது, ஜான்ஸிராணிப் படைப் பெண்களைப் பின்னே விடாது, அவர்களுடன் தாமும் கால்நடையாகவே நெடுந்தொலைவு சென்றார். 1945 ஆகஸ்டு 18-ஆம் நாள், தைப்பேயில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் துறந்தார். அவரதெனப்படும் அஸ்தி டோக்கியோவில் ரெங்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் வைக்கப்பட்டது.