ஓபர்லின் ஐயர்

பிரான்சு தேசத்து வோஜ் மலைச்சாரலிலே வால்டர்ஸ்பாக் என்னும் ஏழைக் கிராமம் ஒன்றுண்டு. ஸ்திராஸ்பூர்க் நகரில் 1740ஆம் ஆண்டு பிறந்த ஓபர்லின், 1767இல் அவ்வூர்ச் சபைக்குக் குருவாக வந்தார். அவர் பள்ளிக்கூடங் கட்டத் தொடங்கியபோது பெற்றோரே தடுத்தனர். செலவு தம் தலைமேல் விழுமென அஞ்சினர். ஐயரோ பொறுப்பைத் தாமே ஏற்றுக் கட்டிமுடித்தார்.

தாய் தந்தையர் கழனிக்குச் சென்றபின் சிறுமக்கள் கேட்பாரின்றித் திரிந்தனர். எமது செங்கற்பட்டுச் சீமையில் நடவுக்காலத்தைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாரா பான்ஸே என்னும் குடியானவர் மகள், அக்குழந்தைகளைத் தன் வீட்டிற் கூட்டிப் பின்னல்வேலை கற்பித்துவந்தாள். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. ஐயர் அவரை இணங்குவித்து, 1769இல் அவளுக்குச் சம்பளம் ஏற்படுத்தினார். பிற ஊர்களிலும் அவ்வாறே பெண்களை அமர்த்தினார். அறியாத நகரத்தாரிடமன்றி, அயல்வீட்டுப் பெண்ணிடமே பிள்ளையை ஒப்புவிக்கத் தாய்மார் துணிவர். இதனை உணர்ந்ததே ஐயரின் பெருமை என்பது எமது கருத்து.

சாரா 1774இல் இளமையிலேயே மாண்டாள். பின்வந்த லூயிஸ் ஷெப்ளர், 1783இல் ஐயரின் மனைவியார் இறந்தபின் அவர்தம் மக்களையும் வளர்த்தாள். நாளடைவில் ஊதியத்தையும் மறுத்துவிட்டாள். 1829இல் பிரெஞ்சுக் கழகம் அவளுக்குப் பரிசளித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே ஐயர் காலஞ்சென்றிருந்தார். எனினும் தம் வாழ்நாளிலேயே அவர் ஒன்றைக் கண்டார்: ஏனைய நான்கு கிராமத்தாரும் தாமாகவே முன்வந்து, தம் செலவிலும் உழைப்பிலும் பள்ளிக்கூடம் எழுப்பினர்.