இருட்சிறையில் விளைந்த கவிதை

ஆயிரம் அடிகளுக்கும் குறைவான பாடல்களே பாடி, உலகப் பெருங்கவிஞர் வரிசையில் இடம்பெற்றவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவையின் யோவான். அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய நூல் ஒன்றேனும் அச்சேறவில்லை. அந்நூல்கள் எவ்வாறு பிறந்தன, எவர் கைகளில் பிழைத்தன என்பதே அவர் வரலாற்றின் உயிர்நாடி எனலாம்.

யோவான் 1542ஆம் ஆண்டு, ஆவிலா நகரை அடுத்த ஃபோந்திவேரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொன்சாலோ பட்டு வணிகக் குடும்பத்தவர்; ஏழை நெசவாளியான கத்தலீனாவை மணந்ததால் உறவினரால் ஒதுக்கப்பட்டவர். பிள்ளைகள் சிறுவராயிருக்கும்போதே அவர் மறைந்தார். தாய் பிழைப்புத் தேடி ஊர் மாறி, மெதீனா தெல் காம்போவில் குடியேறினார். அங்கு யோவான் மருத்துவமனையொன்றில் நோயாளருக்குப் பணிசெய்துகொண்டே இயேசு சபையார் கல்லூரியில் பயின்றார். 1563இல் கார்மேல் சபையில் சேர்ந்து, பின்னர்ச் சலமான்கா பல்கலைக்கழகத்தில் கற்றார்.

1567இல் ஆவிலா தெரேசாவைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. தெரேசாவுக்கு அப்போது வயது 52, யோவானுக்கு 25. கார்மேல் சபையைத் தொடக்ககாலத் தவ ஒழுக்கத்திற்கு மீட்க முனைந்த தெரேசாவின் பணியில் அவரும் இணைந்தார். 1568இல் துருவேலோவில் ஆடவருக்கான முதல் சீர்திருத்த மடம் எழுந்தது. சீர்திருத்தம் பகையையும் வளர்த்தது. 1577 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, சபையின் எதிர்த்தரப்பினர் யோவானைச் சிறைப்பிடித்துத் தொலேதோ நகர மடத்தில் அடைத்தனர்.

ஆறடிக்குப் பத்தடி அளவுள்ள இருட்டறை. உயரத்தில் ஒரு சிறு துளை. ரொட்டியும் நீருமே பெரும்பாலும் உணவு. துறவியர் கூடியிருக்கச் சாட்டையடி. இவ்வாறு ஏறத்தாழ ஒன்பது திங்கள் கழிந்தன. தாளும் மையும் இல்லாத அந்த இருளில் யோவான் பாடல்களை மனத்திலேயே கட்டி, மனத்திலேயே காத்தார். இரக்கமுள்ள புதிய காவலர் ஒருவர் வந்த பின்னரே எழுதுபொருள் கிடைத்தது. மறைந்துபோன தலைவனைத் தேடி அலையும் தலைவியாக ஆன்மாவைப் பாடும் ‘ஆன்மிகக் கீத’த்தின் பெரும்பகுதி அங்குதான் உருவாயிற்று. விவிலியத்தின் உன்னதப்பாட்டு அதற்கு ஊற்று. நாயகன் நாயகி பாவத்தில் தோய்ந்த தமிழ் நெஞ்சுக்கு அது அயலானதன்று.

1578 ஆகஸ்டில், துணிகளைக் கிழித்து முடிந்த கயிற்றின் வழியே இறங்கித் தப்பினார். அடைக்கலம் தந்த கார்மேல் கன்னியர் மடத்தில், மெலிந்து தளர்ந்த நிலையிலும் தம் பாடல்களைச் சொல்லிக்காட்டினார். அவற்றின் முதல் சுவைஞர்கள் அப்பெண்களே.

உரைநூல்கள் பிறந்ததும் கேட்போரின் வேட்கையால்தான். பாடல்களுக்குப் பொருள் வேண்டிய ஆனா தே ஹேசூஸ் என்னும் மடத்தலைவிக்கு ‘ஆன்மிகக் கீத’ உரையை 1584இல் உரிமையாக்கினார். தம் விளக்கம் பாடலின் பொருளுக்கு எல்லையாகாது, படிப்போர் தத்தம் அனுபவத்திற்கேற்பக் கொள்ளலாம் என்பது அவர் துணிவு. ‘இருண்ட இரவு’ப் பாடலுக்கு எழுதிய உரை மூன்றாம் கண்ணியோடு நின்றுபோயிற்று. கவிதைக்கும் உரைக்கும் உள்ள தொலைவை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட உரையாசிரியர் சிலரே.

1591இல் சீர்திருத்த சபையே அவரைப் பொறுப்புகளிலிருந்து விலக்கியது. அவர்மீது பழிதேடும் விசாரணையும் எழுந்தது. அஞ்சிய கன்னியர் சிலர் அவருடைய கடிதங்களை எரித்துவிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள், ஊபேதா மடத்தில், 49ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எரிந்தவை போக எஞ்சியவை கைப்படிகளாகவே மடத்துக்கு மடம் சென்றன. அவர் தம் கையால் திருத்தங்கள் எழுதிய ‘ஆன்மிகக் கீத’ப் படி ஒன்று சான்லூக்கர் தே பராமேதாவில் கார்மேல் கன்னியரால் காக்கப்பட்டது. 1618இல் வெளிவந்த முதற்பதிப்பில் ‘ஆன்மிகக் கீதம்’ இடம்பெறவில்லை. உன்னதப்பாட்டைத் தாய்மொழியில் விளக்குவதே ஐயத்திற்குரியதாகக் கருதப்பட்ட காலம் அது. 1627இல்தான் ஸ்பானிய மொழியில் அது பிரசல்ஸ் நகரில் அச்சேறியது. 1726இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1926இல் மறைவல்லுநர் எனப் போற்றியது.

சிறை வைத்தவர்களும் விசாரித்தவர்களும் அவர் பாடல்களை அழிக்க இயலவில்லை. கேட்டு நெஞ்சில் இருத்தி, படியெடுத்துக் கைமாற்றிய எளிய பெண்களே அவற்றை உலகுக்கு அளித்தனர்.