மங்கலாக்கும் வளைகோட்டின் சொந்தக்காரர்

பாட்டியின் தோட்டத்துக் காலப் புகைப்படத்திலிருந்த புள்ளிகளை நீக்க நிரல் எழுதினேன். ‘காசியன் பிளர்’ என்று தட்டியபோதுதான் அப்பெயருக்குரியவரைத் தேடினேன்.

கார்ல் பிரீடிரிக் காஸ் 1777-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பிரபு ஒருவரின் உதவித்தொகையால் படித்தார் (நம்மில் சிலரைப் போல!). 1801-இல் வானியலாளர்கள் தவறவிட்ட சீரிஸ் குறுங்கோளின் இடத்தைச் சில நோக்கீடுகளைக் கொண்டே கணித்தார். ஆண்டிறுதியில் அது அகப்பட்டது. 1809-இல் வெளியிட்ட நூலில், அளவீட்டுப் பிழைகள் மணி வடிவ வளைகோட்டில் பரவுவதை விளக்கினார். அதே ஆண்டு மனைவியை இழந்தார். 1855-இல் கோட்டிங்கனில் மறைந்தார்.

அந்த வளைகோட்டையொட்டியே என் நிரல் படப்புள்ளிகளுக்கு எடை தருகிறது: நடுவில் 4, பக்கங்களில் 2, மூலைகளில் 1, கூட்டி 16-ஆல் வகுக்க வேண்டும். பலமுறை ஓட்டினேன். புள்ளிகள் மறைந்தன, பாட்டியின் மூக்குத்தியும் மறைந்தது. மூலப்படத்தை மீண்டும் எடுத்து, ஒரே ஒருமுறை ஓட்டினேன்.