கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா

இலங்கையின் கண்டி நகரில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் மினெட் டி சில்வா அம்மையார். தந்தை ஜார்ஜ் டி சில்வா வழக்கறிஞர். எளியோர் பக்கம் நின்ற அரசியல் தலைவர். தாயார் ஆக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். நாட்டின் அரசியலமைப்பு குறித்து ஆராய இங்கிலாந்திலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழுவினர், தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவினர். அவர்களும் பெண்களே, ஆதலால் வேண்டும் என ஆக்னஸ் தயக்கமின்றி விடை பகர்ந்தார். அப்போது மினெட் பத்து வயது நிரம்பாத சிறுமி. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். (தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் 1949இல் அதனை இழந்தது தனிக்கதை.)

கட்டடக்கலை பயில மினெட் பம்பாய் சென்றார். காந்தியடிகளின் விடுதலை கோரிய கிளர்ச்சியில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் மனந்தளராது இலண்டன் சென்று படிப்பை முடித்தார். 1948இல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினரானார். அப்பேறு பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவரே.

தாயகம் திரும்பியவர், கண்டியின் மலைச்சரிவில் தம் முதல் வீட்டை எழுப்பினார். புதுமுறைக் கட்டடமாயினும், உள்ளூர்க் கைவினைஞர் நெய்த பாய்களும் சுட்ட களிமண் ஓடுகளும் அதில் இடம் பெற்றன. நலிந்துவந்த கைத்தொழிலாளருக்கு வேலை கிடைத்தது.

அவருடைய பணிகளுள் தலையாயது, கண்டியை அடுத்த வட்டாபுளுவவில் 1958இல் நிறைவுற்ற குடியிருப்புத் திட்டமாகும். பல இனத்தாரும் பல சமயத்தாருமான அரசு ஊழியர்க்கு நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அமைக்க வேண்டியிருந்தது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசையாகக் கட்டிவிட்டால் வேலை எளிதில் முடிந்திருக்கும். அம்மையாரோ குடிவரப் போகிறவர்களிடம் வினாத்தாள்களை அளித்து, அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எத்தகைய வீடு வேண்டும், எவ்வளவு செலவிட இயலும் எனக் கேட்டறிந்தார். அதன் பின்னரே பலவகை வீடுகளை வரைந்தார். நம் பாட்டனும் பாட்டியும் குடியிருந்த லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள்! சமையலறை எங்கே வேண்டும் என அவர்களை யார் கேட்டார்?

பின்னாளில் அம்மையார் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசிய நாடுகளின் கட்டடக்கலையைக் கற்பித்தார். தாயகத்தில் வாய்ப்புகள் குறைந்தன; வறுமையும் வந்தது. இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியபோது ஆண்டு 1996. அம்மையாருக்கு வயது 78. ஈராண்டுகளில், தாம் பிறந்த கண்டியிலேயே இயற்கை எய்தினார்.