கொடைவள்ளல் கா. தம்புசாமி பிள்ளை

பத்துமலைக்குச் சென்று வேலவனை வணங்கித் திரும்பும் பக்தப் பெருமக்களுள் எத்தனை பேர், அக்குகையை வழிபாட்டுத் தலமாக்கிய பெருமகனாரை அறிவர்?

1850இல் சிங்கப்பூரில் பிறந்த காயாரோகணம் தம்புசாமி பிள்ளை, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்று, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராகச் சேர்ந்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டானபோது, அவருடன் அன்றைய தலைநகரான கிள்ளானுக்கு வந்தார். அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்தார். பொருளாளர் இல்லாத வேளைகளில் அப்பொறுப்பையும் அவரே ஏற்று நடத்தினார். பொறுப்பு வந்ததேயன்றி அப்பதவி அவருக்கு நிலையாகக் கிட்டவில்லை. அரசுப் பணியில் இருக்கும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

1880இல் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது. ஈயத்தால் நகரம் வளர, நிலத்தின் மதிப்பும் வளர்ந்தது. பிள்ளையவர்கள் அரசுப் பணியைத் துறந்து, நிலவுடைமையிலும் சுரங்கத் தொழிலிலும் இறங்கினார். செல்வந்தர் லோக் இயூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1894இல் அச்சுரங்கத்தின் நீரிறைக்கும் பொறிகள் மின்சாரத்தால் இயங்கின. இந்நாட்டில் மின்சாரத்தின் வரலாறு தொடங்குவது அங்கேதான்! அந்நாளில் இருப்புப்பாதைப் பணிக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை வரவழைப்பதிலும் அவருக்குப் பங்குண்டு. பாதை அமைத்த அவ்வேழைகளின் வியர்வையையும் இங்கு மறக்கலாகாது.

அன்னார் துறவியல்லர். குதிரைப் பந்தயத்தில் பேரார்வம் கொண்டவர். வெள்ளையர் நிறைந்த சிலாங்கூர் மன்றத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். 1893இல் உருவான விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களிலும் அவர் இடம்பெற்றார். அப்பள்ளியின் மாணவர் இல்லம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. சௌகிட் அருகே ஒரு சாலையும் அவ்வாறே.

அவர் நிறுவிய ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1885இல் ஐ ஸ்திரீட் என்னும் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு இடம் மாறியது. வேல் வடிவாய்த் தோன்றிய பத்துமலைக் குகைவாயில் அவர் உள்ளத்தைக் கவர, அங்கு முருகப் பெருமானை எழுந்தருளச் செய்தார். 1892இல் தைப்பூசம் தொடங்கியது. மரப்படிகள் அமைந்தது 1920இல்தான். அதுவரை அடியார்கள் படியின்றியே மலையேறினர்.

1902இல் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். அதன் பின்னும் மாரியம்மன் கோயில் அவர்தம் குடும்பக் கோயிலாகவே விளங்கியது. 1920களின் இறுதியில்தான் அதன் கதவுகள் பொதுமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. பின்னர் நிர்வாகமும் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.